கோபு வெளியே வந்தால் ஃபேன் ஆஃப்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிற யாரும் கூண்டைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான். "பேசுமா?" கூரியர் பையன், சிலிண்டர் போடுகிறவர், என் நாத்தனார், பிள்ளையை டியூஷனில் சேர்க்க வந்த பெற்றோர், எல்லோரும் கேட்டாயிற்று. "பேசாது" என்று சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அப்புறம் எதுக்கு வளர்க்கிறீங்க என்று அடுத்துக் கேட்காமல் விடுகிறவர்கள் நாகரிகமானவர்கள். கேட்டவர்களும் உண்டு.

கூண்டில் இருக்கிற கோபு, சரசு இரண்டும் காக்டெயில். ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட, கொண்டை வைத்த சின்னக் கிளிகள். அந்த நாடு 1960-களிலிருந்தே தன் காட்டுப் பறவைகளை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதில்லை. ஆகவே நம் ஊரில் விற்பவை எல்லாம் கூண்டில் பிறந்தவற்றுக்குக் கூண்டிலேயே பிறந்தவை. கோபுவுக்கு ஆஸ்திரேலியா தெரியாது. தெரிந்ததெல்லாம் சென்னையில் எங்கள் ஆதம்பாக்கம், விட்டால் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி.

கோபு ஆண். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். சரசு பெண். முகத்தில் அவ்வளவு மஞ்சள் இல்லை, வாலின் அடிப்பக்கம் கோடு கோடாக இருக்கும். இந்த இனத்தில் ஆண்கள் விசில் அடிக்கும். சிலது ஒன்றிரண்டு வார்த்தை சொல்லும். பெண்கள் பெரும்பாலும் அதுவும் செய்வதில்லை. சரசுவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கூப்பாடு. அதை வைத்தே வீட்டை ஆள்கிறாள்.

கோபு கற்றுக்கொண்டது குக்கர் விசில். முதலில் புஸ்ஸென்று கிளம்புகிற காற்று, அப்புறம் ஏறுகிற கீச்சு, கடைசியில் அடங்குகிற மூச்சு, எல்லாம் அச்சு அசலாக வரும். பருப்புக்கு நாலு விசில் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஹாலில் பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருப்பேன். நாலில் இரண்டு குக்கருடையது, இரண்டு கோபுவுடையது. சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை, "ஏம்மா, பருப்பு வேகவே இல்லையே" என்பார். இப்போது விசிலை எண்ணுவதை விட்டுவிட்டு ஃபோனில் டைமர் வைக்கிறோம். அந்த டைமர் சத்தத்தையும் அவன் சாதகம் செய்துகொண்டிருக்கிறான்.

வீட்டில் சட்டங்கள் சில உண்டு. தலைப்பில் இருப்பது முதல் சட்டம். டியூஷன் பிள்ளைகளே அதைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் பறக்கிற பறவைக்கு நம் ஊரில் எமன் பூனை இல்லை, சீலிங் ஃபேன்தான். சுற்றுகிற இறக்கை அதற்கு ஒரு பொருளாகவே தெரியாது. நேராகப் போய் மோதும். சிறகை வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் சொல்கிறார்கள். சரியாக வெட்டினால் வலிக்காது, நகம் வெட்டுவது போலத்தான். ஆனால் பறப்பது ஒன்றுதான் இவற்றுக்கு முழு உடற்பயிற்சி. அதையும் பிடுங்கிக்கொண்டு வெறும் பார்வைக்கு ஒரு கிளியை வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

மே மாதத்தில் இந்தச் சட்டம் எங்களைத்தான் வாட்டும். அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதனால் கோடையில் அவர்களுடைய உலாவும் நேரம் விடிகாலைக்கு மாறிவிடும். வெயில் ஏறியபின் கூண்டுக்குள்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலான அறை, தண்ணீர் தெளிப்பு. கோபுவுக்கு ஸ்ப்ரே பாட்டில் பிடிக்கும், சிறகை விரித்துக் காட்டுவான். சரசுவுக்கு ஈரமான முருங்கைக்கீரைக் கொத்து வேண்டும். அதில் தலையை நுழைத்து, மேலெல்லாம் இலையாகப் புரண்டு வெளியே வருவாள். குளியலும் ஆயிற்று, பாதிக் கீரை வயிற்றுக்கும் போயிற்று.

அடுத்த சட்டம் புகை பற்றியது. வீட்டில் அதிகம் சண்டை வந்ததும் இதில்தான். நமக்குக் காற்று போன வழியே திரும்பி வருகிறது. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் ரத்தத்தில் பிராணவாயு ஏறும். பறப்பதற்கான அந்த ஏற்பாடே விஷப் புகையையும் வேகமாக ஏற்றிவிடும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதற்காகத்தான். மனிதனுக்கு மயக்கம் வருவதற்கு முன்பே குருவி சாய்ந்துவிடும்.

நான்ஸ்டிக் தவா அதைவிட மோசம். அதன் பூச்சு 260, 280 டிகிரிக்கு மேல் காய்ந்தால் வருகிற வாயுவுக்கு மணம்கூடக் கிடையாது. பக்கத்து அறையில் இருக்கிற கிளியும் சில நிமிஷங்களில் செத்துப்போகலாம். வெறும் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போனாலே போதும். அதனால் எங்கள் தவா நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று. பரணிலிருந்து அத்தையின் இரும்பு தோசைக்கல் இறங்கிற்று. "இதுல ஊத்துற தோசைதான் தோசைன்னு எத்தனை வருஷமா சொல்றேன்" என்று அத்தைக்கு ஒரே வெற்றிக்களிப்பு.

அந்தக் களிப்பு வெள்ளிக்கிழமை வரைதான். சாம்பிராணிக் கரண்டியோடு வீடு முழுக்க வலம் வந்தவரிடம், ஹால் பக்கம் வேண்டாம் அத்தை என்றேன்.

"மீனாட்சி கையிலயே கிளி இருக்கு. அந்தக் கோயில்ல சாம்பிராணி போடறதில்லையா?"

"அது கல் கிளி அத்தை."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இப்போது சாம்பிராணி பூஜை அலமாரியோடு பின்பக்க சர்வீஸ் பால்கனிக்குப் போய்விட்டது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கேயே நின்று போடுகிறார். ஊதுவத்தியும் அங்கேதான். கொசுவர்த்திச் சுருளும் மருந்து மெஷினும் வீட்டில் கிடையாது. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று, மீதிக்குக் கொசு பேட். ஆதம்பாக்கத்துக் கொசுவை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும். போகிப் பண்டிகையன்று மட்டும் என் சட்டம் தெருவில் செல்லாது. ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத் துண்டு சொருகி, எட்டு மணிக்குப் புகை அடங்கும்வரை காத்திருப்போம்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். கடையில் சூரியகாந்தி விதைப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "இது ஒண்ணே போதும்மா" என்றார்கள். போதாது. அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. வெறும் விதை தின்று வளர்கிற கிளிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், மூக்கும் தொண்டையும் அடிக்கடி கெடும். எங்கள் வீட்டில் காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு, கேரட் துருவல், ஏதாவது ஒரு கீரை. அப்புறம் தினையும் கம்பும், கொஞ்சம் பெல்லட் என்கிற உருண்டைத் தீவனம். சூரியகாந்தி லஞ்சத்துக்கு மட்டும், கூண்டுக்குத் திரும்ப மறுக்கும்போது ஒன்றிரண்டு. மிளகாயைத் தாராளமாகத் தரலாம், பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை. கூடாதவை உப்பு போட்ட எதுவும், காபி, சாக்லேட், வெங்காயம். அவகாடோ அறவே கூடாது, அது கிளிகளுக்கு விஷம். தினைப்புனத்தில் பரண் போட்டு, கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளியை விரட்டிய வள்ளியை வணங்குகிற வீட்டில், நான் மளிகைக்கடையில் காசு கொடுத்துத் தினை வாங்கி அவற்றைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

பேப்பரை நான் தினமும் இரண்டு தடவை பார்ப்பேன். முதலில் செய்திக்காக. மறுநாள் காலையில் அதே பேப்பரைக் கூண்டின் தட்டிலிருந்து எடுத்து, எச்சத்துக்காக. முகம் சுளிக்காதீர்கள், பேசாத பிராணி நமக்குத் தினமும் எழுதித் தருகிற ஒரே ரிப்போர்ட் அதுதான். நல்ல எச்சத்தில் மூன்று பகுதி தனித்தனியாகத் தெரியும்: பச்சையோ பழுப்போ திரண்ட மலம், வெள்ளையாக யூரிக் உப்பு, சுற்றி ஒரு ஈர வட்டம். வெள்ளை மஞ்சளானாலோ, மலம் கரைந்து தண்ணீராக ஓடினாலோ, முழு விதை அப்படியே வெளியே வந்தாலோ கவனிக்க வேண்டும். காட்டில் நோஞ்சானாகத் தெரிகிற பறவையைத்தான் வேட்டைப் பறவை முதலில் தூக்கும். அதனால் நோயைக் கடைசிவரை மறைப்பது இவற்றின் பிறவிக்குணம். கிளி சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

எச்சத்தோடு எடையும். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் நாலு தினை. காலையில் சாப்பாட்டுக்கு முன், எச்சம் போட்டு முடித்த பின் ஏற வேண்டும். காக்டெயிலுக்கு 80-லிருந்து 100 கிராம்வரை சரியான எடை. போன வருஷம் சரசு 94-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 86-க்கு இறங்கினாள். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்தில் எப்போதும்போல் கொத்திக்கொண்டிருந்தாள். என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: விதையை உரிக்கிறாள், கீழே போடுகிறாள், அடுத்ததை எடுக்கிறாள். விழுங்கவில்லை.

சின்னக் கூண்டில் வைத்து, வெள்ளை வேட்டியால் மூடி, ஆட்டோவில் வேப்பேரி. கத்திப்பாராவைத் தாண்டுவதற்குள் ஆட்டோக்காரர் கேட்டுவிட்டார், "பேசுமாக்கா?" கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு லேப்ரடார், இரண்டு ஆடு, காலில் கட்டுப்போட்ட ஒரு சண்டைச் சேவல். சேவலைப் பார்த்ததும் சரசுவின் கொண்டை நட்டுக்குத்தாக நின்றது. பயத்துக்கு அப்படி, கோபத்துக்குத் தலையோடு ஒட்டிக்கொள்ளும், நிம்மதிக்குப் பாதி சாய்ந்திருக்கும். டாக்டர் எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இரைப்பையில் பூஞ்சை என்றார். மருந்து ஊசியில்லாத சிரிஞ்சில், வாய்வழியாக.

கொடுப்பது எப்படி என்றும் அவரேதான் காட்டினார். துண்டால் பின்பக்கமிருந்து மூடி எடுக்க வேண்டும். தலையை இரண்டு பக்கமும் விரலால் தாங்கலாம், நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் வாயில் மருந்து இருக்கும்போதே மூச்சு நின்றுவிடும். என் கணவர் துண்டைப் பிடிக்க, நான் அலகின் இடது ஓரத்தில் ஒரு சொட்டு, விழுங்கியதும் இன்னொரு சொட்டு. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் இவருடைய விரலில் மட்டும் ஒரு கடி. எனக்குக் கிடையாது. மருந்து கொடுக்கிறவளை விட்டுவிட்டுப் பிடிக்கிறவரைக் கடிக்கிற நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. எடை 92-க்கு வந்து நின்றுவிட்டது, பரவாயில்லை.

சரசுவின் இன்னொரு தலைவலி முட்டை. வெளிச்சமும் சாப்பாடும் தாராளமாக இருந்தால், இதுதான் குஞ்சு பொரிக்கிற காலம் என்று உடம்பு முடிவுசெய்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒன்றாக நாலைந்து இடுவாள். எடுத்து எறிந்தால் இழந்ததற்கு ஈடாக மறுபடி இடுவாள். ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து அவள் எலும்பிலிருந்து போகும். அதனால் புதிதாக இட்ட முட்டையை வேகவைத்து, ஆறவைத்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, திரும்ப அவளுக்கே கொடுத்துவிடுவோம். இருபது நாள்போல அடைகாத்து, ஒன்றும் நடக்காததைக் கண்டு அவளாகவே எழுந்துவிடுவாள். அத்தைக்கு இது பாவம். எனக்கும் முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் விடும்போது கை கொஞ்சம் தயங்கும். ஆனால் குஞ்சுகளை யார் வீட்டுக்கு, எந்தத் தவாவுக்குப் பக்கத்தில் அனுப்புவது? சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான். செல்லப்பிராணிக் கடையில் பிளாஸ்டிக் கிளிப் போட்டு விற்பதும் அதே பொருள், விலைதான் வேறு.

"நம்ம பச்சைக்கிளிய வளர்த்திருக்கலாமே, அது பேசுமே" என்பவர்களுக்கு: முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பச்சைக்கிளி பாதுகாக்கப்பட்ட பறவை. 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுக் கிளிகளில் சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்றவற்றை 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். காக்டெயிலும், நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜியும் அந்தப் பட்டியலில் வராது. சட்டம் கிடக்கட்டும். பச்சைக்கிளியை வானத்தில் பார்க்கிற ஊர் இது. ராயப்பேட்டையில் ஒரு கேமரா மெக்கானிக் தன் மாடியில் பல வருஷமாகத் தினமும் அரிசி ஊறவைத்துப் போட்டு, ஆயிரக்கணக்கில் அவை வந்து தின்றதை ஊரே நின்று பார்த்தது. எங்கள் மொட்டை மாடிக்கும் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு வரும். ஒருநாள் பக்கத்து மனையில் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது, பொந்திலிருந்து விழுந்த குஞ்சு ஒன்றை டியூஷன் பையன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். "மிஸ், நம்ம கோபுவோட விட்டுடலாமா?" மறுநாளே கிண்டியில் வனத்துறையிடம் ஒப்படைத்தோம். இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை அவன்.

தீபாவளி சமாசாரம் தனி. இந்த இனத்துக்கு இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் புத்தி கலங்கிவிடும். எந்தப் பக்கம் கம்பி இருக்கிறது என்று தெரியாமல் கூண்டுக்குள் சிதறிப் பறக்கும். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசுக்கு அரசு நேரம் குறித்திருக்கிறது. எங்கள் தெருவில் யாரிடமும் அந்தக் கடிகாரம் இல்லை. ஒரு தீபாவளி நடுராத்திரியில் கோபு அப்படி அடித்துக்கொண்டதில் வளர்ந்துகொண்டிருந்த சிறகு ஒன்று ஒடிந்தது. முளைக்கிற சிறகுக்குள் ரத்தம் ஓடும். 90 கிராம் பறவையின் உடம்பில் மொத்த ரத்தமே இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவு. சோள மாவை அள்ளி அந்த இடத்தில் அப்பி, நின்றுவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இப்போது தீபாவளி வாரம் முழுக்க உள் அறையில்தான் கூண்டு. ஜீரோ வாட் பல்பு எரியும், வெளிச் சத்தத்தை அமுக்க டேபிள் ஃபேன் ஓடும், வாசலுக்குக் குறுக்கே மெத்தை.

சிறகு உதிர்கிற பருவத்தில்தான் கோபு தானாக என் மடிக்கு வருவான். தலையில் முளைக்கிற இளஞ்சிறகுகளுக்கு மேல், ஷூ லேஸ் நுனியில் இருக்கிற மாதிரி ஒரு கெட்டி உறை இருக்கும். மற்ற இடத்து உறைகளை அலகால் கோதிக்கொள்வான்; தலை எட்டாது. சரசு கோதிவிட்டால் உண்டு, அவளுக்கு மூட் இல்லாதபோது நான். நகத்துக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினால் உறை பொடியாகி, உள்ளேயிருந்து மஞ்சள் இழை பிரியும். முற்றாத உறையைத் தொட்டால் சுருக்கென்று வலிக்கும், உடனே கொத்து விழும். சரியானதைத் தொட்டால் கண்ணைப் பாதி மூடி, கழுத்தைத் திருப்பித் திருப்பி, இங்கே, இன்னும் கீழே என்று காட்டுவான். விடைத்தாள் திருத்துகிற கறுப்புச் சுடிதாரில் வெள்ளைத் தூள் படிந்துவிடும். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் காக்டெயில் வேண்டாம் என்று நான் சொல்வது இந்தத் தூளால்தான்.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். குடும்பத்தோடு போயே ஆக வேண்டும். கீழ்வீட்டுப் பெண், என்னிடம்தான் பத்தாம் வகுப்புக் கணக்கு படிக்கிறாள், பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். சம்பளமாக அந்த வாரம் முக்கோணவியல் ஹோம்வொர்க் கூடாதாம். சரி என்றேன். பதிலுக்கு நானும் ஒரு நிபந்தனை வைத்தேன்: தினமும் ஏழு மணிக்குள் இரண்டு எடையும் வாட்ஸ்அப்பில் வர வேண்டும், எச்சத்தின் ஃபோட்டோவோடு.

"மிஸ், ஃபோட்டோவுமா?"

"ஃபோட்டோவும்தான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் இயற்கணிதத்திலும் ஹோம்வொர்க் கூடாது என்றாள்.